மூன்று மைக்கும் ஒரு காலும்

என் வலது காலுக்குப் பலம் போதாது என்று வைகுண்டராஜ் அண்ணாச்சி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று முதல் நான் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களுக்குத் தேனி பஜாரில் பாத்திரக்கடை. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்த வாரம் முழுக்க எங்கள் கடை அண்டாக்கள் அநாவசியமாகச் சத்தம் போட்டன.

அண்ணாச்சிக்குப் போடியில் பெயிண்ட் கடை. அது பிழைப்புக்கு. ஆசைக்கு ஓர் இன்னிசைக் குழு. அவரே தலைவர், அவரே அறிவிப்பாளர், அடிக்குரல் கொடுக்கிற பேஸ் கிட்டாரும் அவரே. அந்தக் குழுவில் ஆறு மாதமாக நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். டிரம்ஸ் செட்டின் நடுவில் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரிய டிரம்மைக் கையால் அடிப்பதில்லை, காலால் மிதித்துத்தான் அடிக்க வேண்டும். அதற்கு கிக் என்று பெயர். பாட்டின் நெஞ்சுத் துடிப்பு அதுதான். என் துடிப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் புகார்.

"கம்பத்துல சொன்னாக, சின்னமனூர்ல சொன்னாக. கடைசி வரிசைக்கு ஒன் மிதி கேக்கலையாம்," என்றார் அண்ணாச்சி. "கொறையாச் சொல்லல தாயி. பொம்பளப் பிள்ள காலு அம்புட்டுத்தான் வரும். ஞாயித்துக்கிழம சுருளிப்பட்டிக்கு அஜய்குமாரையும் வரச் சொல்லிருக்கேன். ரெண்டு பேரும் மிதிச்சுப் பாருங்க. யாரு மிதி கேக்குதோ அவுகளே இனிமே உக்காரட்டும்."

அஜய்குமார் பெரியகுளத்துக்காரன். ஆறடி உயரம், கபடி ஆடிய கால். நல்ல பையன்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

"மைக்க மாத்திப் பாக்கலாமா அண்ணாச்சி?" என்றேன். நாங்கள் கிக் முன்னால் நிறுத்தியிருந்தது பாடுகிறவர் வாய்க்கென்று செய்த மைக். மனிதக் குரலை அழகாக எடுக்கும். அதற்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை எடுக்கத் தெரியாது. கிக்கைக் கொடுத்தால் டப் என்று அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒன்றைத் திருப்பித் தரும்.

"நீயே பாத்து எடுத்தாந்துக்க," என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த மைக் எவ்வளவு ஆழம் வரை கேட்கும், எதை டிரம்முக்குள் வைக்கலாம், எதை வெளியே நிறுத்தலாம் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டேன். மதுரையில் வாடகைக்குக் கொடுக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, "அண்ணே, எனக்கு நல்ல கிக்காப் பாத்து மூணு எடுத்து வைங்க, சனிக்கிழம வாரேன்," என்று சொன்னபோது பின்னால் அம்மா நின்றிருந்தாள். அம்மா பெயர் சாராள். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர்.

"ஞாயித்துக்கிழம ஆராதனைக்குப் போற பிள்ளைக்குச் சனிக்கிழம என்னடி கிக்கு? அதுவும் மூணு?"

விளக்கிச் சொன்னேன். முழுக்க நம்பினாளா என்று தெரியாது. ஆனால் டிரம்முக்குள் வைக்கத் தலையணை வேண்டும் என்றதும் கடமலைக்குண்டில் வாங்கிய இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை எடுத்துக் கொடுத்தாள். தலையணையோடு யாரும் தப்பான வழிக்குப் போவதில்லை என்று அவள் கணக்கு.

மூன்று மைக்கும் வந்தன. முதலாவது குட்டிச் சுரைக்காய் மாதிரி தடித்த தலைக்காரன், கிக்குக்கென்றே பிறந்தவன். இரண்டாவது முட்டை வடிவம், கிக்குக்கும் ஆகும், பேஸ் கிட்டார் பெட்டிக்கும் ஆகும். மூன்றாவதைப் பார்த்தால் மைக் என்றே சொல்ல முடியாது. சோப்பு டப்பா அளவில் ஒரு தட்டை. அதற்கு ஸ்டாண்ட் கிடையாது, டிரம்முக்குள் தலையணை மேல் படுக்க வைத்துவிட வேண்டும். நான் சுரைக்காயைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தேன். மனசுக்குள் அப்போதே நிச்சயம் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் சும்மா துணைக்கு.

ஞாயிறு மூன்று மணிக்குச் சுருளிப்பட்டி மைதானத்தில் இறங்கினோம். திராட்சை விவசாயிகள் விழா, பாட்டு ஐந்து மணிக்கு. ஒரு முனையில் மேடை, மறுமுனையில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைப் பந்தல். ஆனி மாதக் காற்று அதன் போக்கில் அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை இன்னும் பிரிக்காமல் அடுக்கியே வைத்திருந்தார்கள். தனித்தனியாக விட்டால் அவை கம்பம் பக்கம் கிளம்பிவிடும்.

மைக்செட் வழக்கம்போல் சுருளி அண்ணனுடையது. பள்ளத்தாக்கில் பாதி விசேஷத்துக்கு அவர் செட்தான், எங்கள் குழு எங்கே வாசித்தாலும் அவர்தான் வருவார். அண்ணாச்சி வந்ததும் வராததுமாக ஒரு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். மைக் கையில் இருந்தால் அவர் டீ கேட்பதுகூட அதில்தான்.

"ஏலே அஜய், நீ அங்கன வேலியோரம் போயி நில்லு. மிதி கேட்டா துண்டத் தூக்கு," என்று மைதானம் முழுக்க அறிவித்தார்.

சுரைக்காயை கிக்கின் முன்தோலில் இருந்த ஓட்டைக்கு நேராக நிறுத்தினேன். செருப்பைக் கழற்றினேன். அந்த வாரக் கோபத்தையும் சேர்த்து மிதித்தேன்.

டப்.

அஜய்யின் துண்டு தோளிலேயே கிடந்தது. மறுபடி மிதித்தேன். டப். முட்டையை மாற்றினேன். டப். தட்டையை வைத்தபோது டப் கூட வரவில்லை. "அதுக்கு மிக்சர்லருந்து கரண்டு குடுக்கணும்ணே," என்று கத்தினேன். சுருளி அண்ணன் தன் பலகையில் எதையோ அமுக்கினார். பிறகு அதுவும் மற்ற இரண்டோடு சேர்ந்துகொண்டது.

எனக்கு அழுகை வந்தது. மூன்று மைக்கும் தோற்றால் மிச்சம் இருப்பது கால்தான். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் வயரைச் சுருட்டுகிற பாவனையில் இருந்தார். அந்த இரக்கம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. துண்டு தூக்காதவனைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"நீங்க மிதிங்க. நான் வேலிக்குப் போறேன்."

வெறுங்காலோடு மைதானம் தாண்டி ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஜய் உட்கார்ந்தான். அவன் காலைத் தூக்கியது அங்கிருந்தே தெரிந்தது. கபடிக் கால் இறங்கியது.

டப்.

இன்னொரு முறை மிதித்தான், மேடையே ஆடியிருக்கும். டப்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காற்றில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி ஓடி வந்தபோது அண்ணாச்சி அவனிடம், "ஒன் காலும் அம்புட்டுத்தானாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது. பாவமாக இருந்தது, கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"அப்ப இந்த ஊருக் காதே அப்பிடி," என்று அண்ணாச்சி தீர்ப்பு சொன்னார். "என் பேஸ் கிட்டாரும் எட்டு வருசமா ஒருத்தருக்கும் கேட்டதில்ல. நான் என்னைக்காச்சும் வாயத் தொறந்தேனா?"

கிட்டாரும் எட்டு வருடமாகக் கேட்கவில்லை என்றதும் என் மண்டையில் ஒரு பொறி தட்டியது. சுரைக்காய், முட்டை, சோப்பு டப்பா என்று மூன்றும் வேறு வேறு ஜாதி மைக். மூன்றும் எப்படி ஒரே மாதிரி டப் என்று சொல்லும்? அவை சரியாகத்தான் எடுத்துக் கொடுக்கின்றன, போகிற வழியில் யாரோ கனத்தை இறக்கிக்கொள்கிறார்கள். வழியில் இருப்பது மிக்சர் மட்டும்தான். சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் பலகைக்குப் பின்னால் சுருளி அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தேன். மேல்வரிசையில் பதினாறு பட்டன்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப் வெளிறி, ஓரத்தில் தூசி ஏறி, பலகையோடு பலகையாகிவிட்டது.

"இது என்ன சுருளிண்ணே?"

"காத்துப் பட்டன் ஆத்தா. அமுக்குனா அடியில கெடக்க சத்தத்தையெல்லாம் அறுத்துப்புடும். நம்ம காத்து மைக்குல விழுந்தா ஸ்பீக்கர் பாக்ஸு உறுமும்ல. அதான் எல்லாத்தையும் அமுக்கி மேல டேப்ப ஒட்டிட்டேன்."

"எப்ப ஒட்டுனீக?"

"செட்டு வாங்குன ஆடியில. எட்டு வருசம் இருக்கும்."

"மார்கழியில எடுக்க மாட்டீகளா? கல்யாண மண்டபத்துக்குள்ள?"

"எதுக்கு எடுக்கணும்? மறுபடி ஆடி வரும்ல."

கோபம் வர வேண்டிய இடம். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அந்தப் பட்டனுக்குக் காற்று எது, கிக் எது என்று தெரியாது. அடியில் கிடந்தால் வெட்டிவிடும். என் கால், கபடிக் கால், அண்ணாச்சியின் பேஸ் கிட்டார், எல்லாம் காற்றுக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

"கிக்குக்கு மட்டும் எடுத்து விடுங்கண்ணே. ஒரே ஒரு பட்டன்."

"ஆகாது ஆத்தா. பழைய செட்டுல ஒரு தடவ கடமலைக்குண்டுல உறுமுச்சு பாரு, மலையிலருந்து என்னமோ எறங்கிருச்சுன்னு பாதி சனம் எந்திரிச்சு ஓடிருச்சு."

"உறுமுச்சுன்னா மறுபடி ஒட்டிருங்க. நானே எறங்கிப் போயிர்றேன்."

பிளேடால் டேப்பைக் கீறி ஒரு பட்டனை விடுவித்தார். சுரைக்காயை மறுபடி நிறுத்திவிட்டு ஓடிப்போய் மிதித்தேன். ஆகா, என்ன ஒரு ஆழம். ஆனால் அதைக் கேட்டு முடிக்கும் முன்பே காற்று ஓட்டையோரம் வந்து மைக்கின் முகத்தில் விழுந்தது. பாக்ஸ்கள் இரண்டும் உறுமின. சுருளி அண்ணன் பட்டனுக்குப் பாய்ந்தார். முட்டையை வைத்தோம். அதுவும் உறுமியது.

சுரைக்காயைப் பார்த்தேன். நிச்சயமான இடம், ஆனாலும் இந்த ஊர்க் காற்றுக்குச் சரிப்படவில்லை. விட்டுவிட வேண்டியதுதான். கிக்கின் முன்தோலைக் கழற்றினேன். அம்மாவின் தலையணையை உள்ளே போட்டு அதன் மேல் தட்டை மைக்கைப் படுக்க வைத்தேன். தோலை மாட்டி, வயர் வருகிற ஓட்டையில் இரண்டாவது தலையணையின் பாதியைத் திணித்து அடைத்தேன். மைக் அறைக்குள், காற்று வாசலில்.

அஜய் தானாகவே வேலிக்குப் போய்விட்டிருந்தான். சுருளி அண்ணன் விரலைப் பட்டன் மேலேயே வைத்திருந்தார். பாக்ஸ்கள் அமைதியாக இருந்தன. மிதித்தேன்.

தும்.

காதில் கேட்பதற்கு முன்பே மேடைப் பலகை வழியாக என் உள்ளங்காலுக்குத் திரும்பி வந்தது. வயிற்றில் போய் உட்கார்ந்தது. அஜய் துண்டைத் தூக்கவில்லை, முதலில் தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு துண்டை வீசி எறிந்தான். அது காற்றோடு திராட்சைப் பந்தலுக்கு மேலே போய்விட்டது. அதை விட்டுவிட்டு மேடைக்கு ஓடி வந்தான்.

"பந்தக் கம்பி அதிருது ஏஞ்சல். கையில தொட்டுப் பாத்துட்டேன். நான் சும்மா பாட்டு கேட்டுட்டுப் போறேன்."

நான் நிறுத்தவில்லை. தும், தும், தும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். ஆறு மாதப் பாக்கி, சும்மாவா விடுவேன்? அண்ணாச்சி சிறிது நேரம் என் காலையே பார்த்தார். பிறகு மிக்சர் பக்கம் போய், "ஏலே சுருளி, என் பட்டனையும் எடுத்து விடுறா," என்றார். அவர் கிட்டார் சத்தம் வயர் வழியாக நேராக மிக்சருக்குப் போகிறது, அதில் காற்றுக்கு வேலையே இல்லை. டேப் கிழிந்தது. அவர் ஒரு கம்பியை மீட்டினார். மைதானம் முழுக்க ஓர் அடிக்குரல் பரவி என் மிதியோடு வந்து சேர்ந்துகொண்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப மீட்டினார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முதல்முறையாகக் கேட்டோம்.

அப்போதுதான் வேலியைத் தாண்டி அக்கம்மாள் என்று ஓர் அம்மா வந்தாள். அந்தப் பந்தல் அவளுடையது. தலையில் முண்டாசு, ஒரு கையில் பழம் வெட்டுகிற கத்திரி, மறுகையில் அஜய்யின் துண்டு.

"ஏய்யா வைகுண்டராசு, எந்த ஆம்பளய்யா அங்கன இந்த மிதி மிதிக்கிறது? பந்தலு கிடுகிடுங்குது, என் திராட்சக் கொல உதுந்துபோகும்."

நான் மிதிப்பதை நிறுத்தினேன். அண்ணாச்சி கிட்டாரை இறக்கி வைத்தார். மைக்கை மட்டும் பழக்கதோஷத்தில் கையில் எடுத்துக்கொண்டு மேடையோரம் வந்து குனிந்தார். தொண்டையைச் செருமி, அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆம்பள இல்லக்கா. எங்க டிரம்மரு ஏஞ்சலு காலு. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மைக் ஆனில் இருந்தது. சுருளிப்பட்டி முழுக்கக் கேட்டது.