கண்ணாடி போட்ட ஆடு

துண்டுத் துணிகளை இணைத்து விமலா தைத்த குவில்ட் போர்வையில் நட்டநடுவில் ஓர் ஓட்டை இருந்தது.

ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம். முப்பத்து நாலு கட்டங்களில் பூனை, சைக்கிள், பலாப்பழம், தபால்பெட்டி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். நடுக் கட்டத்தை மட்டும் அவள் காலியாக விட்டிருந்தாள். அங்கே வர வேண்டியது கண்ணாடி போட்ட ஆடு. அந்த ஆடு சுந்தரியின் பீரோவில் இருந்தது.

குவில்ட் மகள் நேத்ராவுக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். இரண்டாம் வகுப்பில் மார்க் குறைந்த கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டாமல் மென்று தின்ற நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு ஆடு என்றுதான் பெயர். மூன்றாம் வகுப்பில் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. அதனால் சுந்தரியின் துணியை முதன்முதலில் பார்த்தபோது விமலாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. மஞ்சள் துணி. உள்ளங்கை அகல ஆடுகள். பார்க்கிற திசையிலெல்லாம் வட்டக் கண்ணாடி.

சுந்தரியின் கணவர் ராமசாமிக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் துணிக்கடை. சூரத்திலிருந்து வந்த சரக்கோடு எப்படியோ தொற்றிக்கொண்டு வந்த ஒன்றேகால் மீட்டர் அது. இரண்டு வருடமாகச் சுந்தரி அதை எடுத்துக் காட்டுவாள், தடவுவாள், மடித்து உள்ளே வைப்பாள்.

"வெட்ட மனசு வரல" என்பாள்.

கேட்டு வாங்கவும் வழியில்லை. சுந்தரி, விமலா, சுமா, ஷைலா என்று நாலு பேர் கூட்டம் அவர்களுடையது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கடைக்கு மேல் மாடியில் கூடுவார்கள். ஆளுக்கொரு பொம்மைத் துணியில் ஒரே மாதிரி நாலு பிளாக், அதாவது குவில்ட் கட்டம், தைத்து வர வேண்டும். ஒன்று தனக்கு, மூன்று மற்றவர்களுக்கு. சட்டம் இரண்டே இரண்டு. ஒரு படம் ஒரு தடவைதான். முதலில் கொண்டுவந்தவளுக்கே அது சொந்தம், பிறகு யார் அதே படத்தோடு வந்தாலும் மற்றவர்கள் தொடமாட்டார்கள். இரண்டாவது, அடுத்தவள் துணியை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் துணிக்காரி சொல்லும் தண்டனைக்குக் கட்டுப்பட வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

விமலா முதல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இளையவள் ஷைலா. எல்.கே.ஜி. டீச்சர். காதில் விழுந்தது வாய்க்கு வர அவளுக்கு அரை மணி நேரம் போதும். வியாழக்கிழமை காலை கோரமண்டல் பஸ் ஸ்டாப்பில் விமலா அவளை மடக்கினாள்.

"ஷைலா, நேத்து பங்காருபேட்டை போயிருந்தேன். ஸ்டேஷன் ரோட்டுல ஒருத்தன் துணியக் குவிச்சு வெச்சிக்கினு கீறான். அதுல இன்னா பார்த்தேன் சொல்லு?"

"இன்னாக்கா?"

"ஆடு. கண்ணாடி போட்ட ஆடு."

"சுந்தரிக்காவோடதா!"

"அதே மஞ்சள். நான் வாங்கல. பெரியவங்க துணி, நமக்கு எதுக்கு வம்பு? நீயும் யார்கிட்டயும் சொல்லாதே."

சொல்லாதே என்றதுதான் முக்கியம். மாலைக்குள் செய்தி சுந்தரிக்குப் போய்விடும். வேறு எவளாவது முந்திக்கொண்டு சனிக்கிழமை ஆட்டோடு வந்து நின்றால், சுந்தரியின் ஒன்றேகால் மீட்டர் மேசை துடைக்கத்தான் ஆகும். பயத்தில் கத்திரிக்கோலை எடுத்தே ஆக வேண்டும். விமலா நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தாள்.

அவள் கணக்கில் வராத ஒன்று நடந்தது. ஷைலா வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் பங்காருபேட்டைக்கு ஏறினாள். சாயங்காலம் செருப்பெல்லாம் செம்மண்ணாக விமலாவின் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கக்கா ஆடு? ஊரெல்லாம் சுத்திட்டேன். ஒரு கன்னுக்குட்டி படம்கூட இல்ல."

விமலா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு நொடிதான் யோசித்தாள்.

"அய்யய்யோ! அப்போ எவளோ மொத்தமா வாங்கிட்டா."

ஷைலாவின் முகம் மாறியது. "சுமாவா இருக்குமோ? அவங்க அம்மா வீடு அங்கதான்."

"நான் யார் பேரும் சொல்லல" என்றாள் விமலா.

இந்த முறை செய்தி சுந்தரிக்குப் போக அரை மணிகூட ஆகவில்லை.

சனிக்கிழமை மாடியில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஷைலா அன்னாசிப் பழம் போட்ட பிளாக்குகளை வைத்தாள். விமலா முறுக்கு மீசைக்காரர்களை வைத்தாள். சுமா தன் பையை அவிழ்க்கும்போது மற்ற மூன்று பேரும் கழுத்தை நீட்டினார்கள். உள்ளே இருந்து வந்தவை கத்திரிக்காய்கள்.

"இன்னா அப்படிப் பாக்குறீங்க? கத்திரிக்காய்க்கு இன்னா குறை?" என்றாள் சுமா.

கடைசியாகச் சுந்தரி. மஞ்சள் பிளாக்குகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டாள். கொம்பு முதல் குளம்பு வரை கச்சிதமாக நடுவில் அமைந்த ஆடுகள். கண்ணாடிக்குள்ளிருந்து மேசையைப் பார்த்தன.

"வெட்டிட்டீங்களா!" என்று ஷைலா கத்தினாள்.

"வெட்டிட்டேன். இந்தா ஒண்ணு. சுமா, உனக்கு ஒண்ணு. இது எனக்கு."

மேசை காலி. விமலா சுந்தரியின் கையைப் பார்த்தாள், பிறகு மடியைப் பார்த்தாள்.

"எனக்கு?"

"நீதான் பங்காருபேட்டையில பார்த்தியே. அங்கயே வாங்கிக்கோ."

"அது வித்துப் போயிடுச்சு சுந்தரிக்கா…"

"புதன்கிழமைதானே பார்த்தே?"

"ஆமா. புதன்."

"புதன்கிழமைன்னா எங்க வீட்டுக்காரரு பார்சல் எடுக்க அங்கதான் போவாரு. பைப்பு போட ஸ்டேஷன் ரோட்டை மார்பளவு தோண்டி வெச்சிருக்காங்களாம். ஒரு வாரமா அங்க ஒரு பூக்காரிகூட உக்காரல. உன் துணிக்காரன் குழிக்குள்ள எறங்கி வித்தானா?"

சுமா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை தன் செருப்பில் ஒட்டிய செம்மண் எங்கிருந்து வந்தது என்று ஷைலாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"விமலாக்கா! நான் லீவு போட்டுட்டுப் போனேன்!"

"உன்னை யாரு போகச் சொன்னது? யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானே சொன்னேன்?" விமலாவின் குரலில் வலு இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஓட்டையோடு ஒரு குவில்ட்டை எப்படி மடித்துப் பெட்டியில் வைப்பது?

"உண்மை தெரிஞ்ச பிறகும் எதுக்கு வெட்டினீங்க?" என்று கேட்டாள்.

"அது வேற" என்றாள் சுந்தரி. "உனக்கு ஆடு வேணும்னா வாயத் தொறந்து கேளு."

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நேத்ராவுக்கு" என்றாள் விமலா. "ஒரு ஆடு குடுங்க சுந்தரிக்கா."

"கேட்டுட்டா! எல்லாரும் சாட்சி. இப்போ அந்தப் பையில கீற தவளைய எடு."

விமலா பையை இறுக்கிப் பிடித்தாள். குடை பிடித்த தவளைகள், கரும்பச்சை, முக்கால் மீட்டர். பெங்களூரில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணிக் குவியலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தது. மூன்று வருடமாக இந்த மாதம் வெட்டிவிடலாம் என்று மாடிக்குக் கொண்டுவருவாள். வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

"வேற எதனா சொல்லுங்க. நாலு பேருக்கும் பிரியாணி போடறேன்."

"தவளை."

"ஓரத்துல மட்டும் கொஞ்சம்…"

"நடுவுல" என்றாள் சுந்தரி. கத்திரிக்கோலைத் திருப்பிப் பிடித்து நீட்டினாள்.

விமலா துணியை விரித்தாள். மூன்று தடவை ஸ்கேல் வைத்து அளந்தாள். நாலாவது தடவை அளக்கப் போனபோது ஷைலா ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டாள். சுமா கண்ணை மூடிக்கொண்டு, "ஆயித்தா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். முதல் வெட்டு விழுந்தது. துணி ஒன்றும் கத்தவில்லை. இரண்டாவது வெட்டு சுலபமாக இருந்தது. நாலாவது சதுரத்தை வெட்டும்போது விமலாவுக்கே சிரிப்பு வந்தது.

"இப்போ தெரியுதா எதுக்கு வெட்டினேன்னு?" என்றாள் சுந்தரி. "ரெண்டு வருஷம் பூட்டி வெச்சதுல எனக்கு இன்னா வந்துச்சு? நீ கிளப்பின பொய்யில ஒரு ராத்திரி பயந்தேன். பயத்துல பாதி வெட்டிட்டேன். காலையில அவரு குழி கதையச் சொன்னாரு. அப்புறம் மீதியும் வெட்டினேன்."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து விமலாவின் கையில் திணித்தாள். "வீட்ல போய்ப் பாரு."

விமலா வீட்டில் போய்ப் பார்த்தாள். துணி முழுக்க ஓர் ஆட்டின் பின்பாதி. குட்டையான வால், இரண்டு பின்னங்கால். முகமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. உடனே போன் போட்டாள்.

"சுந்தரிக்கா, மூஞ்சி எங்க?"

"பொய் சொன்னவங்களுக்கு முன்பக்கம் கிடையாது" என்று சொல்லிச் சுந்தரி போனை வைத்துவிட்டாள்.

விமலா அரை மணி நேரம் சுந்தரியைத் திட்டினாள். பிறகு மெஷினில் நூலை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து நடுக் கட்டத்தை வைத்துத் தைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் நேத்ரா குவில்ட்டைக் கட்டிலில் விரித்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூனையில் நின்றாள். மீசைக்காரரில் சிரித்தாள். நடுவுக்கு வந்ததும் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தாள்.

"இன்னாம்மா இது? வால் மட்டும் கீது?"

விமலா பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆடுதான். மூஞ்சி கனடா பக்கம் திரும்பிக்கினு கீது" என்றாள்.