சீட்டுப் போட்டு ஆடிய ஆட்டம்

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதையும் மனிதர்கள் எடுப்பதில்லை. சீட்டுதான் எடுக்கும். அம்மா இரண்டு துண்டுத் தாளில் 'சரி', 'வேண்டாம்' என்று எழுதி, ஒரே மாதிரி மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, எல்லோரையும் முழங்காலில் நிற்க வைத்து ஜெபம் பண்ணுவார். பிறகு அந்த விஷயத்தில் யாருக்குச் சொந்த ஆசை இல்லையோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். வந்தது வந்ததுதான், இரண்டாம் முறை கிடையாது. நாசரேத் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு வந்து கடை போட்ட எங்கள் சொந்தக்காரர்கள் பலரிடமும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் என் அம்மா தேவப்பிரியம் அளவுக்கு அதை யாரும் பாடாய்ப்படுத்தியதில்லை.

கயிறும் தார்ப்பாயும் விற்கும் எங்கள் கடையை எந்தத் தெருவில் வைப்பது என்று சீட்டு சொன்னது. என் தம்பி ஜெபின் பி.காம் படிக்க வேண்டும் என்று சீட்டு சொன்னது. அவன் படித்து முடித்தும் அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அப்பாவுக்கு நெஞ்சில் உடனே ஆப்பரேஷன் செய்யச் சொன்னார் டாக்டர். சீட்டில் 'வேண்டாம்' வந்தது. மாத்திரையை வைத்துச் சமாளித்தோம், அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அதைப்பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கர்த்தர் சொன்னதாயிற்றே, யாரோடு போய்ச் சண்டை போடுவது?

இப்போது என் முறை. நிலவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நிலவன் வியாசர்பாடிப் பையன். திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டில் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். நான் வேலை பார்க்கும் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசிலிருந்து கன்டெய்னர் பெட்டி விஷயமாக ஃபோன் பேசிப் பேசியே பழக்கம். அவன் வீட்டில் பௌத்தர்கள். அம்மாவுக்கு உறுத்தியது புத்தர் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? எந்தச் சாதி, எந்தத் தெரு, பெரியப்பா வந்து என்ன ஆட்டம் ஆடுவார், இவைதான். அதை வாய்விட்டுச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம்.

"கால் கட்டு பிரிக்கதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம சீட்டுப் போடுதேன். கர்த்தரு சொல்லட்டும்" என்றார்.

ஆக என் கல்யாணம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாதிக்குப் பாதி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கால் கட்டு எப்படி வந்தது என்றால், கடையில் நைலான் கயிற்றுச் சுருள் தடுக்கி அம்மா விழுந்ததில் கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு வீட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள். கடையைப் பம்பரமாகச் சுற்றிவந்தவரால் சும்மா இருக்க முடியுமா? டிவி தொடர்களில் வரும் மாமியார்களை எல்லாம் ஒரே வாரத்தில் திட்டித் தீர்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஜெபின் சாயங்காலம் ஆடும் வீடியோ கேம் பக்கம் கண் போனது.

அது ஒரு விண்வெளிக் கதை. சனிக்கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல், அதற்கு நாம்தான் கேப்டன். கப்பலில் நிறைய பேர், நிறைய சண்டை. அடிக்கடி திரையில் இரண்டு வழி காட்டிக் கேட்கும். கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில் கட்டம் போட்ட பட்டனை அமுக்கினால் ஒன்று, வட்டத்தை அமுக்கினால் இன்னொன்று. நாம் எதை அமுக்குகிறோமோ அதற்கேற்பக் கதை திரும்பும். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு.

"நம்ம ஹார்பர்தான் இது. என்ன, தண்ணி இல்ல" என்றார் அம்மா. கப்பலின் மெக்கானிக் பெயர் டோபியாஸ் என்று கேட்டதும் ஒரே குஷி. "நம்ம ஆளுடி இவன். எங்க ஊரு கோயில்ல மணியடிக்க கோயில்குட்டியாரு பேரும் அதான்."

அன்றிலிருந்து கண்ட்ரோலர் அம்மா மடியில். நடப்பது, ஏறுவது, சுடுவது வந்தால் ஜெபினிடம் கொடுப்பார். முடிவெடுக்கும் இடம் வந்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் அமுக்க மாட்டார். தாளைக் கிழித்துக் 'கட்டம்', 'வட்டம்' என்று எழுதி, மடித்து, டப்பாவில் போட்டு, கண்ணை மூடி ஜெபம்!

"மம்மி, இது கேமு. இதுக்குப் போயி கர்த்தர இட்டுகினு வர்றியே, அவுருக்கு வேற வேல இல்லியா?" ஜெபின் தலையில் அடித்துக்கொண்டான். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவன் பேச்சைக் கேட்டால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாயக் கழுவுல. மனுசன் முடிவெடுக்க ஆரம்பிச்சாத்தான் எல்லாக் கேடும்."

ஒருநாள் கப்பலுக்கு வெளியே எரிவாயுத் தொட்டி கசிந்தது. டோபியாஸை வெளியே அனுப்பிச் சரிசெய்வதா, தொட்டியை அறுத்து விட்டுவிட்டு மெதுவாகப் போவதா? "தொட்டி போனாப் போகட்டும், எதுக்கு ஒரு உயிர" என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. ஆனாலும் சீட்டைத்தான் போட்டார். 'கட்டம்' வந்தது, அனுப்பு. போனவன் திரும்பவில்லை. அவனுடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனது.

அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இன்னாத்துக்கு ஃபீலிங்கு? பழைய இடத்துக்குப் போயி வட்டத்த அமுக்குனா ஆளு உசுரோட கீறான்" என்றான் ஜெபின்.

"அவரு சொன்னத மாத்தச் சொல்லுதியா?" என்று சீறினார் அம்மா. அன்று அவர் சாப்பிடவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். ஒரு பொம்மை மனிதனுக்காக இவ்வளவா என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்பா போனபோதுகூட இப்படி அழுது நான் பார்க்கவில்லை. அதை நினைத்ததும் என் கோபம் எங்கோ ஒதுங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் அது நடந்தது. எங்கிருந்தோ உடைந்த படகு ஒன்று கப்பலை ஒட்டி வந்து நின்றது. உள்ளே முன்பின் தெரியாத ஜனங்கள், காற்று தீர்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறப்பதா, பூட்டுவதா? அம்மா வழக்கம்போல் தாளைக் கிழித்தார். ஆனால் இந்த முறை திரையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு தேய ஆரம்பித்தது.

"மம்மி, டைம் ஓடிகினு கீது! சீட்டெல்லாம் எழுத முடியாது, அமுக்கு!"

"இருல, எழுதுதேன்." பேனா எழுதவில்லை. உதறினார். கோடு பாதிக்கு வந்துவிட்டது. படகிலிருந்து யாரோ கதவைத் தட்டும் சத்தம். அம்மா பேனாவை வீசிவிட்டு வட்டத்தை அமுக்கினார். கதவு திறந்தது.

ஜனங்கள் உள்ளே வந்தார்கள். அடுத்த காட்சியிலேயே கப்பலில் சாப்பாடு பற்றவில்லை. ஒரு தாடிக்காரன் கேப்டன் முகத்துக்கு நேரே நின்று கத்தினான். என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டார்.

"யாரைக் கேட்டு இவங்கள உள்ள விட்டீங்கன்னு கேக்குறான்" என்றேன்.

அம்மா மாவுக்கட்டுக் காலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்துச் சொன்னார்: "ஆமா, நாந்தான் விட்டேன். இப்ப அதுக்கென்னல?"

ஜெபின் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வட்டத்தை அமுக்கிய தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சீட்டு. நிலவன் யார்டில் டியூட்டியில் இருந்தான். முடிவு தெரிந்ததும் சொல்லு என்று ஏற்கெனவே பலமுறை மெசேஜ் போட்டுவிட்டான். நானும் ஜெபினும் முழங்காலில் நின்றோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினார், ரொம்பச் சுருக்கமாக. ஜெபின் டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேணான்னு வந்துகீது" என்றான் மெல்ல. உடனே, "மம்மி, இன்னொரு தபா போடலாம்" என்று கெஞ்சினான்.

"ஒரு தடவதான்" என்றார் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "அப்பாவுக்கும் இதே டப்பாதான் வேண்டாம்னு சொல்லுச்சு. டாக்டர் கைய எடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னாரு. உங்களுக்குத் தாள் பெருசாப் போச்சு. இப்ப என்னையும் அதே மாதிரி வழியனுப்பப் போறீங்களா?"

இத்தனை வருஷமாக யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். தெருவில் மீன் விற்கிறவள் கூவிக்கொண்டு போவது கேட்டது. அம்மா திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"அன்னைக்கு எனக்குப் பயம்ட்டி" என்றார். "ஆப்பரேஷன்ல போயிட்டாருன்னா ஒங்க அப்பாவ நான் கொன்ன மாதிரி ஆயிருமேன்னு பயம். சீட்டு சொன்னா என் தலையில விழாதுல்லா? இப்பவும் அதான். கல்யாணத்துக்குச் சரின்னு வந்தா ஒங்க பெரியப்பாகிட்ட 'நானா சொன்னேன்'னு கேக்கலாம். வேண்டாம்னு வந்தா ஒங்கிட்ட அதயே கேக்கலாம். நான் கர்த்தருகிட்ட எங்கட்டி கேட்டேன்? அவரு முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

 

"ஃபோனக் குடு" என்றார்.

கொடுத்தேன். நிலவன் நம்பரை அவரே தேடி அமுக்கினார். ஸ்பீக்கர் போட்டது தெரிந்து செய்ததா, தெரியாமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ரெஜி! இன்னா ஆச்சு? சீட்டு இன்னா சொல்ச்சு?" நிலவனின் குரல் படபடத்தது. பின்னால் யார்டில் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் கூக்கூ சத்தம்.

"ரெஜி இல்ல. அவ அம்மா பேசுதேன்."

"ஐயோ... வணக்கம் ஆன்ட்டி."

"சீட்டு வேண்டாம்னு சொல்லிட்டுது."

பாவம், எவ்வளவு நேரம் அவனைத் தவிக்க விடுவது?

"நான் வான்னு சொல்லுதேன்" என்றார் அம்மா. "சாயங்காலம் ஒங்க அம்மா அப்பாவக் கூட்டிட்டு வா. மீன்கொழம்பு வச்சா சாப்புடுவாங்களா?"

தரையில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டு அழுதேன். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. ஜெபின் என் முதுகைத் தட்டிக்கொண்டே அவனும் மூக்கை உறிஞ்சினான்.

"நாங்க எல்லாமே சாப்டுவோம் அத்தை" என்றான் நிலவன். "கண்டிப்பா வந்துடறோம்."

அம்மா ஃபோனை வைத்துவிட்டு, மீன்காரியைக் கூப்பிடச் சொல்லி ஜெபினைத் தெருவுக்கு விரட்டினார்.