இடக் கண்ணுக்கு எழுதிய மருந்து

என் வலக் கண் போய் மூன்று வருடமாகிறது. குளோகோமா என்ற கண் அமுக்க நோய். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை, களவாகப் போனது. மிச்சமிருக்கும் இடக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மருதமுனையில் தையல் மெஷினோடு சீவிக்கிறேன். அந்தக் கண்ணைக் காப்பாற்ற ஒரு துளி மருந்து எழுதித் தந்திருந்தார்கள்.

அதை வெக்கையில் வைக்கக் கூடாது. என்னிடம் பிரிட்ஜ் இல்லை. உம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்ததால், தங்கை ஜெனூபாவின் பிரிட்ஜ் எனக்குப் பத்து எட்டு வைக்கும் தூரம். அவளுடைய மகள் இன்ஷிரா ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு போத்தலோடு வருவாள். என் தலையை நிமிர்த்தி, கீழிமையை இழுத்து ஒரு துளி விடுவாள். நானே விட்டால் துளி கன்னத்தில்தான் விழும். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

மருந்து தொடங்கிய புதிதில் இடக் கண்ணின் இமைமுடி மட்டும் கறுத்து நீண்டது.

"ஒரு கண் மட்டும் புதுப்பொண்ணு மாதிரி இரிக்கி பெரியம்மா," என்று இன்ஷிரா தொட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை கல்முனையில் கிளினிக். டொக்டரம்மா கண் அமுக்கத்தை இரண்டு தரம் அளந்தார்.

"ஒழுங்கா மருந்து விடுறீங்களா?"

"ஓம். ஒரு நாளும் தவறினதில்ல."

"அப்பிடியெண்டா அமுக்கம் இப்பிடி ஏறாது." அவர் எரிச்சலை மறைக்கவில்லை. "கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். வடியிற வழி அடைபட்டா, தேங்கி நிண்டு நரம்பை அழிச்சிரும். ஊறுறதைக் குறைக்கிற மருந்து ஒண்டு இருக்கு. உங்களுக்கு முட்டு வருத்தம்; அது மூச்சை அடைச்சிரும். இது வடிச்சலைத் திறக்கிற மருந்து. இதைத்தான் நம்பி இருக்கிறம்."

பிறகு வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "போன தரம் இந்தக் கண்ணில இமைமுடி நீளமா இருந்திச்சு. இப்ப ரெண்டும் ஒரே மாதிரி. நீங்க மாசக்கணக்கா மருந்து விடல்ல."

என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாரே என்று பஸ்ஸில் கொதித்துக்கொண்டு வந்தேன். பாண்டிருப்பு தாண்டுமுன் அந்தக் கொதிப்பு அடங்கிப் பயம் பிடித்தது. வியாழக்கிழமை இன்ஷிராவுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா, "புள்ளைக்குக் கண் மயிரே இல்லியே," என்று முகத்துக்கு நேரே சொல்லிப் போனவர். இப்போது அவளுடைய இமைமுடியைப் பார்த்து வளவுப் பெண்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் பூசினாளாம்.

நேரே ஜெனூபாவின் குசினிக்குப் போனேன். அவள் பலகார மாவு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஷிராட கண்ணுக்கு என்னத்தப் பூசின நீங்க?"

அவள் கை நின்றது. பொய் சொல்ல அவளுக்கு வராது.

"டொக்டர்ர துண்டில்லாம அந்த மருந்தைக் கடையில தரமாட்டாங்க ராத்தா. அதான் உங்கட போத்தல..."

"அப்ப எனக்கு என்னத்த விட்ட நீங்க?"

"கொதிச்சு ஆறின தண்ணி." மாவைத் திரும்பக் குழைக்கத் தொடங்கினாள். "நாலு மாசமா. போன கண்ணுக்குத்தானே மருந்து? அது இனி வராதெண்டு டொக்டர்மாரே சொன்னாங்கதானே. வீணாப் போறது புள்ளைக்கு உதவட்டுமே எண்டு நினைச்சன்."

"மருந்து போன கண்ணுக்கில்ல, ஜெனூபா. இரிக்கிற கண்ணுக்கு."

இடக் கண்ணின் ஓரப் பார்வையும் இருண்டுவிட்டதைக் கிளினிக்கில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். இருண்டது திரும்பாது.

ஜெனூபாவின் முகம் வெளுத்தது. வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணில விட்ட?"

"இடக் கண்ணில." இன்ஷிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கண்ணுக்குத்தான் மருந்தெண்டு உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் விரல் என் கன்னத்தில் பட்ட ஒவ்வொரு மாலையும், இந்தப் பிள்ளைக்கு நல்ல வாழ்வைக் கொடு ரப்பே என்று துஆக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தண்ணீரை விட்டிருக்கிறாள்.

ஜெனூபா மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாவுக் கையால் என் கையைப் பிடித்தாள்.

"நாளண்டைக்குக் கல்யாணம் ராத்தா," என்றாள். "மாப்பிள வீட்டாருக்குத் தெரிஞ்சிரும். ஒருத்தரோடயும் கதைச்சிராதீங்க."