நாலில் ஒரு பங்கு

டாக்டருக்குப் படிக்கப் புள்ளி கொஞ்சம் குறைந்துபோய், உயிரியல் படிக்க கெம்பஸ் போன பிள்ளையை ஊர் சும்மா விடுமா? நிந்தவூரில் சிபானாவின் ஒழுங்கைச் சனம் முழுக்க அவளை ‘அரை டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டது. வெளியில் கோபப்பட்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்த ஆசைதான் வினையாக வந்து முடிந்தது.

அவளுக்கு மூத்தவள், ராத்தா நஸ்ரியா, மாமி மகன் றிம்சானையே கலியாணம் முடித்திருந்தாள். வாப்பா மீராசாஹிபுவின் கூடப்பிறந்த தங்கச்சிதான் அந்த மாமி. சொந்தத்துக்குள் முடித்தால் சீதன வீடும் வளவும் வெளியே போகாது என்று அப்போது எல்லாருக்கும் சந்தோஷம். முதல் பிள்ளை ஆதில், தவழத் தொடங்கிய பருவத்தில் வெளிறிப்போனான். தலசீமியா என்றார்கள். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் கிடத்தி இரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க.

அன்றிலிருந்து வீடு சாவு விழுந்த மையித்து வீடு மாதிரி ஆகிவிட்டது. பழுது மருமகள் பக்கத்தால் வந்தது என்று மாமி சொன்னாள். இல்லை, உன் மகன் பக்கத்தால்தான் என்று உம்மா திருப்பிக் கொடுத்தாள். ராத்தாவும் மச்சானும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இனிப் பிள்ளையே வேண்டாம் என்று ராத்தா சொல்லிவிட்டாள்.

இரண்டாம் வருஷம் மரபியல் பாடத்தில் இந்த நோயைப் பற்றியே விரிவுரை நடந்தது. சிபானாவுக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. அன்று மஹ்ரிபு தொழுகை முடிந்ததும் மாமியையும் வரவழைத்து, எல்லாரையும் கூடத்தில் இருத்தி, படித்ததைச் சொன்னாள். இது ஒருவருடைய குற்றமும் இல்லை, தாயிடமும் தகப்பனிடமும் ஒளிந்து கிடக்கிற பழுது ஒரு பிள்ளையில் வந்து சேர்ந்தால்தான் நோய், நாலில் ஒன்றுக்குத்தான் அப்படிச் சேரும் என்றாள்.

“நாலில ஒண்டு எண்டா எப்படி மகள்?” என்று வாப்பா கேட்டார்.

மீராசாஹிபு இறக்காமத்தில் நிலக்காரப் போடியார் ஒருவரின் வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குச் செய்கிறவர். அறுவடை முடிந்ததும் சூடடிக்கிற களவெட்டியில் நெல்லைக் குவித்து, நாலில் ஒரு பங்கை முதலில் போடியாருக்கு அளந்துவிடுவார். மிச்ச மூன்று பங்கிலும் பிறகு ஒருவரும் கைவைக்க முடியாது. வாப்பாவுக்கு விளங்க வேண்டுமே என்ற அவசரம் சிபானாவுக்கு.

“களவெட்டியில போடியாருக்கு நாலில ஒரு பங்கு குடுக்கிறீங்கதானே வாப்பா. அது மாதிரித்தான்.”

வாப்பாவின் முகம் தெளிந்தது. மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் ராத்தாவின் கையைப் பிடித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரித்துக்கொண்டு சோறு தின்றார்கள். முழு டாக்டராக வந்திருந்தாலும் இத்தனை நிறைவு வந்திருக்காது என்று நினைத்தாள் சிபானா. பாவிப் பிள்ளை.

சில மாதம் கழித்து அதே பாடத்துக்குச் செய்முறை வகுப்பு. இரண்டு டப்பாக்களில் சிவப்பும் வெள்ளையுமாக மணிகள். ஒன்று தாய், மற்றது தகப்பன். கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் ஒரு மணி எடுக்க வேண்டும்; இரண்டிலும் சிவப்பே வந்தால் அது நோயுள்ள பிள்ளை. பக்கத்தில் இருந்த காரைதீவுப் பிள்ளை துஷாந்தினி, எடுத்த மணிகளை மேசையில் ஒதுக்கிவிட்டு அடுத்த தடவைக்குக் கையை விட்டாள். விரிவுரையாளர் தடுத்தார். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், மூத்த பிள்ளைக்கு என்ன வந்தது என்று இளைய பிள்ளைக்குத் தெரியாது என்றார். வகுப்பு சிரித்தது. சிபானா தன் கையில் இருந்த மணியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

களவெட்டியில் பங்கு ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் போடியார் புதிதாக வந்து நிற்பார். இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லடுக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் ராத்தா வாந்தி எடுத்துக் களைத்துப் படுத்திருந்தாள். உம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. வயலால் வந்த வாப்பா, காலில் சேறு காயாமலே வாசலில் நின்று சொன்னார்: “வாரம் குடுத்தாச்சு மகள். இனி வாற மூணும் நம்மட.”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சிபானா பையை வைத்துவிட்டு ராத்தாவுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். வயிற்றில் வந்துவிட்டது, இனிச் சொல்லி ராத்தாவைப் பதறவைப்பதில் என்ன பலன் என்று தனக்கே சமாதானம் சொன்னாள். நாலில் மூன்று, நல்லது நடக்கத்தான் இடம் கூட என்று கணக்கும் போட்டாள். கணக்கு சரிதான். பயம்தான் போகவில்லை.

சோதனைத் தாளில் அதே கேள்வி வந்தது: முதல் பிள்ளைக்கு நோய் இருந்தால் இரண்டாவது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு என்ன? மூத்த பிள்ளையால் அது மாறாது, ஒவ்வொரு தடவையும் நாலில் ஒன்றுதான் என்று பிழையில்லாமல் எழுதினாள். ஏ கிடைத்தது. வாப்பா ஒழுங்கை முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. செக்கச்செவேலென்று இருந்தது. ஆட்டை அறுத்து அகீகா கொடுத்து, அமானா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைத் தூக்குகிற சாட்டில் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதே சிபானாவுக்கு வேலையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சிவப்பைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் இமையை இழுத்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதையே உறுதிப்படுத்தினார்கள். அடுத்தடுத்த கட்டிலில் ஆதிலும் அமானாவும். ராத்தா அழவில்லை. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்து, “நாலில ஒண்டு எண்டுதானே சென்ன நீ” என்று மட்டும் கேட்டாள்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சிபானா எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவைச் சொன்னாள், மணியைத் திரும்பப் போடுவதைச் சொன்னாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வாப்பா சின்னவளின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

“புத்தகத்தில உள்ளதச் சென்னா எனக்கு விளங்கியிரிக்காது மகள். விளங்காட்டி நாங்க பயத்திலயே இருந்திருப்பம், இந்தப் புள்ளையும் வந்திரிக்காது. நீ ஏன் களவெட்டியக் கதைச்ச?”

தாதி வந்து, சின்னவளின் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடத் தொடங்கினாள்.