தையல் பிரிக்கிற வரைக்கும்

போனில் பார்த்துக்கொண்டிருந்த அனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் ஆன வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா... வலிக்கும்மா" என்று கண்ணில் நீர் முட்ட மகள் கட்டிலில் நெளிந்ததைப் பார்த்ததும், நாச்சியார் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தையலு விட்டுப்போச்சுன்னா யாருட்ட ஓடுகது? பிரிக்கது வரைக்கும் இந்தக் கொரியாக்காரன்மாரு வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணும்மா. பாவமல்லே நான்."

"வேண்டாம்னா வேண்டாம்."

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாச்சியாருக்கு விளங்கியதே இல்லை. ஏதோ பாட்டுக் கோஷ்டியாம், ஏழு பையன்கள், ஏழும் ஒரே அச்சு. மேடையில் ராஜா மாதிரி ஆடுகிறவர்கள், இந்த நிகழ்ச்சியில் ஏதோ ஒரு வீட்டில் சோறு வைக்கத் தெரியாமல் கருக்குகிறார்கள், ஒற்றை முட்டைக்கு அடித்துக்கொள்கிறார்கள். தலைவன் என்று ஒருவன். விளையாட்டில் கள்ளத்தனம் செய்து ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டு, செய்யவே இல்லை என்று சத்தியம் வேறு செய்வான். மகளுக்கு அவனைக் கண்டாலே போதும், சிரிப்புதான். சாலை பஜாரில் பாத்திரக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற நாச்சியாருக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பு கேட்கும். பொம்பளப்பிள்ளை இப்படியா சிரிப்பாள் என்று திட்டுவாள். திட்டுவாளே தவிர, அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

மறுநாள் டாக்டரம்மா நாச்சியாரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது நோய் எல்லா இடத்திலும் பரவியிருந்ததாம். எடுக்க வழியில்லாமல் மூடித் தைத்துவிட்டார்களாம். நாச்சியாருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தாள்.

"இனி மோள்க்கு இஷ்டமுள்ளதொக்கே கொடுத்தோளூ" என்றார் டாக்டரம்மா.

மகளுக்கு இஷ்டமானது என்ன? பிரியாணி வாங்கினால் தொண்டையில் இறங்காது. குழாயடியில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த நாச்சியார், இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தா மக்ளே. பாரு."

அனுஷா வாங்கவில்லை. "தையலு இன்னும் பிரிக்கலியேம்மா."

"அதுக்கென்ன. மெள்ளச் சிரி."

அனுஷா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். நாச்சியாருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயால் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்ததைக் கையால் சொல்லிவிட்டாள். போனை மறுபடி செருகிக்கொள்ளவும் முடியவில்லை, நீட்டின கையை மடக்கவும் முடியவில்லை.

"நீயும் இங்க இரிம்மா." அனுஷா மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். போனை வாங்கி இருவருக்கும் நடுவில் பிடித்தாள். "இவன்தான் லீடர். இப்பக் கள்ளத்தரம் காட்டுவான், பாத்துக்கோ."

காட்டினான், மாட்டினான். மற்றவர்கள் அவன் தலையில் மாவைக் கொட்டினார்கள். நாச்சியார் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள். கண்ணீர் வழிந்தது. சிரித்தால் வருவதுதானே என்று துடைக்காமல் விட்டாள். அனுஷா திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் வயிற்றில் கையை வைத்து, அது குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.