மதிலைத் தாண்டிய செம்பருத்தி

ஸ்ரீராம்புரத்தில் விடிந்ததும் கையில் பிளாஸ்டிக் கவரோடு மதிலோரம் நடப்பவர்களை யாரும் திருடர்கள் என்று சொல்வதில்லை. சாமிக்குத்தானே பறிக்கிறார்கள்! சொர்ணமும் அப்படித்தான் பறித்தாள். செம்பருத்தியைக் கடையில் வாங்க முடியாது. காலையில் விரிந்தது மாலைக்குள் சுருண்டுவிடும். அம்மனுக்கோ அதுதான் உகந்தது. உயிர்ப்பலி கொடுக்க முடியாதவர்கள் அந்தச் சிவப்பை வைத்தால் போதும், ஒரு பூவை ஓர் உயிராக அவள் ஏற்றுக்கொள்வாள் என்று சொர்ணம் நம்பினாள்.

பீன்யாவில் ஃபேக்டரி வேலை பார்த்த அவள் புருஷன் குணசேகர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தான். அவன் எழுந்து நடக்க நாற்பத்தெட்டு நாள் பூஜை செய்வதாக வேண்டிக்கொண்டாள். அடுத்த தெருக் கெம்பண்ணா வீட்டுச் செடி மதிலைத் தாண்டித் தொங்கியது. கெம்பண்ணாவும் அப்போது படுத்த படுக்கைதான். டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

பத்தாம் நாள், கெம்பண்ணா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இருபதாம் நாள் வாசலில் நின்றார். முப்பதாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர் தேறத் தேற, இங்கே குணசேகருக்கு ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தது. முதலில் பேச்சு போயிற்று, அப்புறம் கஞ்சி இறங்கவில்லை.

நாற்பதாம் நாள் பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் சொல்லி அழுதாள்.

“கேக்காமயா பறிச்ச?” எல்லம்மா நெஞ்சில் கை வைத்தாள். “அடிப்பாவி! திருட்டுப் பூவுல பண்ற பூஜை செடி வெச்சவங்களுக்குத்தான்டி போவும். இத்தினி நாளா நீ அந்தாளுக்கு வேண்டிட்டு இருந்திருக்க!”

அன்று சொர்ணத்துக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. தன் புருஷனுக்கு வர வேண்டியதையெல்லாம் ஒருவர் தின்றுவிட்டார் என்ற ஆத்திரம் அவளை ஆட்டிவைத்தது. அதைத் திருப்பி வாங்க ஒரே வழிதான் இருந்தது. வழக்கம்போல் குணசேகர் பெயரைச் சொல்லி, இந்த உயிரை எடுத்துக்கொள் என்று வேண்டினால் போதும். அதுவும் செடி வைத்த கெம்பண்ணாவுக்குத்தானே போகும்?

மறுநாள் காலை ஒரே ஒரு பூவைப் பறித்தாள். ஜன்னலில் நின்றிருந்த கெம்பண்ணா அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அம்மன் படத்தின் காலடியில் பூவை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். “குணசேகர் உயிர எடுத்துக்கோ தாயே” என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன நாக்கு கூசியது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி.

வாசலில் யாரோ செருமினார்கள். கெம்பண்ணா நின்றிருந்தார். கையில் கவர் நிறையச் செம்பருத்தி.

“ஏனம்மா, பயப்படாதே. நீ பூ பறிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நான் எழுந்து உக்காந்தேன். அதுக்கு நான் ஒண்ணும் செய்யலியேன்னு இருந்திச்சு. இன்னிக்கு நீ பறிக்க வர்றதுக்கு முன்னாடி, தண்ணி ஊத்தறப்பவே சாமிகிட்ட சொல்லிட்டேன், இனிமே இந்தப் பூ எல்லாம் அந்தம்மாவுக்குத்தான்னு. காலையில பறிச்சியே, அது நான் மனசாரக் குடுத்தது. உன் பூம்மா அது.”

சொர்ணம் அவர் காலில் விழுந்தாள். “இல்லீங்க! நான் திருடினேன். அது திருட்டுப் பூதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க!”

“அய்யோ, எழுந்திரும்மா. சாமிக்குன்னு குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?”

உள்ளே குணசேகரின் மூச்சு நின்றிருந்தது.