ஜெகதீஸ்வரியின் கசரோல் குறிப்பு வளர்ந்த விதம்

ஜெகதீஸ்வரி எழுதிவைத்த கசரோல் குறிப்பு வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. அவர்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸ் புறநகரில் இது எல்லாருக்கும் தெரியும். 1989இல், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கன்ரீன் ஒன்றில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், சமையற்காரி றோசா சொல்லச் சொல்லக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதியது அது. மொத்தம் மூன்று வரி. மக்கரோனியை அவி. ரியூனா மீன் ரின் ஒன்று, வெங்காயம், பால் சேர். மேலே சீஸ் தூவிச் சிவக்கும்வரை போறணையில் வை. அளவு ஒன்றும் கிடையாது. றோசாவுக்கு அவளுடைய தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். கண்ணும் கையும் உள்ளவளுக்கு அது போதும்.

அடுத்த வருடம் தாளின் அடியில், அவளுடைய அதே சரிந்த கையெழுத்தில், கோப்பைக் கணக்கு வந்தது. அவள் எழுதவில்லை. பிறகு தேக்கரண்டி மட்டம் என்றும் குவியல் என்றும் பிரிந்தது. போறணைச் சூட்டின் பாகை வந்தது, நிமிடம் வந்தது, கிராம் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் எச்சரிக்கைகள் வந்தன: கத்தி வெட்டும், தட்டுச் சுடும், கையைக் கழுவு. அதற்கும் பிறகு, இன்ரநெற் சமையற்குறிப்புகளில் வருவதுபோல, வெங்காயம் உரிக்கும் வரிக்கு முன்னால், யாரோ ஒருத்தி ஏரிக்கரையில் கழித்த கோடை விடுமுறை கடுகெழுத்தில் பதினொரு முழத்துக்கு ஓடியது.

கணவர் சண்முகலிங்கம் அந்தக் காகிதத்தை ஒருநாளும் நம்பியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவர், முப்பது வருடம் துறைமுகத்தில் பெட்டி இறக்கியவர். டெப்பனர் என்ற மூலைக்கடையில் வாங்கும் ரின் வருடா வருடம் சுருங்குவதைக் கையில் பிடித்தே கண்டுபிடித்தார். கையைக் கழுவச் சொல்லத் தெரிந்த காகிதம் அந்தக் களவைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லை என்பதில் அவருக்கு அடங்காத கோபம். ஜெகதீஸ்வரி சிரித்துவிட்டு, காகிதத்தைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பாராமலே சமைப்பாள்.

இந்தப் பங்குனியில் அவள் இறந்தாள். எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி என்று மச்சச் சாப்பாடெல்லாம் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவைப்பது வழக்கம். ஜெகதீஸ்வரிக்குக் கசரோல்தான் உயிர். அது இல்லாவிட்டால் அவள் பசியோடு போய்விடுவாள். மகள் துஷாந்தினி, அம்மாவின் கையெழுத்து, ஒரு வரியும் பிழைக்கக்கூடாது என்று காகிதத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். வாசிக்க வாசிக்க அது நீண்டு நிலவறைப் படிகளில் இறங்கியது. எட்டாம் நாள் மத்தியானமாகியும் அவள் ஏரிக்கரையில்தான் நின்றாள்.

"இன்னும் வெங்காயம் வரேல்லையோ?" என்றார் சண்முகலிங்கம்.

"இல்லையப்பா. இப்பத்தான் அந்த மனிசி படகில ஏறுறா."

"ஏறித் தண்ணிக்குள்ள தாண்டு போகட்டும்! கொம்மா ஒருநாளாவது இதை வாசிச்சுச் சமைச்சவவோ? பசிச்ச ஆள் எழுதின எழுத்தோ இது?"

"அளவு தெரியாமல் என்னெண்டு சமைக்கிறது?"

"முப்பத்தஞ்சு வரியமாத் திண்டனான். எனக்குத் தெரியும், அங்கால தள்ளு."

சுருங்கியதை ஈடுகட்ட ஒன்றுக்கு இரண்டாய் ரின் உடைத்தார். பாலைக் கண்ணால் அளந்தார். றோசாவுக்குத் தெரியாமல் ஜெகதீஸ்வரி போட்டுவந்த பச்சைமிளகாயையும் அரிந்து போட்டார். சீஸ் சிவந்ததும் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலம் கழித்து, வழக்கப்படி தட்டிவிட்டுத் திறந்தபோது, கசரோலின் ஒரு மூலையில் கரண்டியளவு பள்ளம் இருந்தது. நிலவறையில் கிடந்த காகிதத்தின் நுனி படியேறி வந்து இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் ஈரம் காயாத புது வரி, இரண்டே சொல்: உப்புக் காணாது.

சண்முகலிங்கம் எழுத்துக்கூட்டி வாசித்தார். "மத்தியானம் தொடக்கம் கால் கடுக்க நிண்ட எனக்கோ சொல்லுறாய்?" என்று கத்திக்கொண்டே உப்புப் போத்தலை எடுத்துவந்து தூவிவிட்டு, கதவை மறுபடியும் சாத்தினார். வந்திருந்த சனம் இன்னொரு தேத்தண்ணி குடித்தது.